அவர் என்ன சொல்லியிருப்பார்?

மெக்காலே வரைவு எழுதி, 1860-இல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு. ஒருவரிடம் சம்மதம் கேட்கவே வழியில்லாதபோது, அவருடைய நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யும் காரியம் குற்றமாகாது என்கிறது. சட்டமே உதாரணமும் தருகிறது. குதிரையிலிருந்து விழுந்து ஒருவர் நினைவில்லாமல் கிடக்கிறார். மண்டையோட்டைத் துளைத்தால்தான் பிழைப்பார் என்று கண்ட மருத்துவர், அவர் கண் விழிக்கும்வரை காத்திராமல் துளைக்கிறார். ஒருவரைப் புலி தூக்கிக்கொண்டு போகிறது. குண்டு அவர் மேலேயே படலாம் என்று தெரிந்தும், காப்பாற்றும் எண்ணத்தில் இன்னொருவர் சுடுகிறார். எரியும் வீட்டின் மேலிருந்து, கீழே போர்வையை விரித்துப் பிடித்திருப்பவர்களை நம்பி, ஒரு குழந்தையைக் கீழே போடுகிறார் ஒருவர். 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இதுவே 30-ஆம் பிரிவு.

எல்லா உதாரணங்களிலும் கையில் இருப்பது சில நிமிடம். அந்தச் சில நிமிடங்களை நம் சட்டம் நன்றாகவே கவனித்துக்கொள்கிறது. விபத்தில் அடிபட்டு வந்தவருக்கு ரத்தம் ஏற்ற எந்த மருத்துவரும் மாமனாருக்காகவோ மச்சானுக்காகவோ காத்திருக்க வேண்டியதில்லை. சிக்கல் அதற்குப் பிறகு. வென்டிலேட்டரில் மூன்றாவது வாரம் இருப்பவரைப் பற்றி யோசிக்க நேரம் இருக்கிறது. எப்படி யோசிப்பது என்பதற்குத்தான் உதாரணம் இல்லை.

*

ஐசியூ வாசல். செருப்புகள் குவிந்திருக்கும். கண்ணாடிக் கதவைத் திறந்து ஒரு நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

"பேஷண்ட்டோட வந்தவங்க யாரு? உள்ள வாங்க, டாக்டர் பேசணுமாம்."

யார் அப்போது அங்கே நிற்கிறாரோ அவர் போகிறார். டீ குடிக்கப் போயிருந்த மூத்த மகனுக்குப் பதிலாக இளைய மருமகன் போகலாம். ஊரிலிருந்து பஸ் ஏறி வந்த தாய்மாமன் போகலாம். "டிராக்கியாஸ்டமி போடணும், கையெழுத்து வேணும்" என்கிறார் டாக்டர். கையெழுத்துப் போடும் அதிகாரம் அவருக்கு எங்கிருந்து வந்தது?

நினைவிழந்த ஒரு வயது வந்தவருக்காக, மனைவி முதலில், பிள்ளைகள் அடுத்து, உடன்பிறந்தவர்கள் அதற்கடுத்து என்று வரிசை போட்டு, மருத்துவ முடிவெடுக்கும் பொறுப்பைத் தரும் பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம் சிறுவர்களுக்கானது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. கோமாவில் இருப்பவர் இரண்டிலும் வர மாட்டார். அதனால்தான் கணவர் கோமாவில் கிடக்கும் பெண்கள், சிகிச்சைச் செலவுக்கு அவர் பெயரிலுள்ள சொத்தை விற்கக்கூட உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. 2019-இல் கேரள உயர் நீதிமன்றம் இதற்கு வழிமுறைகளை வகுத்தது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி வந்த ஒரு மனைவியைக் கணவரின் பாதுகாவலராக நியமித்தது. கணவனை நாள் முழுக்கப் புரட்டிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பவளை சிவில் கோர்ட்டுக்கு அலைய விடக் கூடாது என்று ஒரு நீதிமன்றத்துக்குத் தோன்றியது பெரிய ஆறுதல்.

*

குடும்பமே கூடாது, நோயாளி தனி மனிதர், அவர் முடிவு அவருக்கு மட்டும் என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நம் வீடுகளில் யாரும் தனியாக நோய்ப்படுவதில்லை. நகையை அடகு வைப்பவள் தங்கை. ராத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுப்பவன் அண்ணன் மகன். இவர்களை வெளியே நிறுத்திவிட்டு எடுக்கும் எந்த முடிவும் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போகாது.

என் மனக்குறை அவர்களிடம் கேட்கப்படும் கேள்வியில் இருக்கிறது. "என்ன பண்ணலாம்ங்கிறீங்க?" என்று டாக்டர் கேட்கிறார். மகன் காதில் விழுவது, "அப்பா மேல உனக்குப் பாசம் இருக்கா இல்லையா?" அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருக்க முடியும். "எவ்வளவு செலவானாலும் பாருங்க சார்." சுற்றி நிற்கும் சித்தப்பா, பெரியப்பா, சம்பந்தி அத்தனை பேர் முன்னிலையிலும் அவன் வேறு எதுவும் சொல்ல முடியாது.

கேள்வியை மாற்றிக் கேட்கும் மருத்துவர்களைப் பார்த்திருக்கிறேன். "உங்கப்பா இப்போ எந்திரிச்சு உக்காந்து, தன் நிலைமையைத் தானே பாத்தார்னா, என்ன சொல்லுவாரு?" உடனே யாரும் வாய் திறப்பதில்லை. பிறகு, அதுவரை பேச்சிலேயே சேர்க்கப்படாத ஒருத்தி, பெரும்பாலும் மருமகளோ கடைசித் தங்கையோ, மெதுவாகச் சொல்வாள்: "பெரிய மாமா மூக்குல டியூபோட கிடந்தப்ப, என்னை இப்படிப் போட்டுறாதீங்கம்மான்னு எங்கிட்டச் சொன்னாரு." அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அந்த அறையில் பேச்சே வேறாகிவிடும். மகன் தோளிலிருந்து ஒரு சுமை இறங்குவது கண்ணுக்குத் தெரியும். முடிவு அவனுடையதாக இல்லாமல் அப்பாவுடையதாகிறது.

*

திறன் இழந்தவருக்காக முடிவெடுப்பது பற்றிப் பேசும் முன், திறன் இருப்பவரிடமிருந்தே அதைப் பறிக்கிறோமே, அதைச் சொல்ல வேண்டும்.

2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. 44 வயதுப் பெண். மாதவிடாய்க் கோளாறு. நோய் என்னவென்று கண்டறிய லேப்ராஸ்கோப்பி பரிசோதனை செய்ய மயக்க மருந்து கொடுத்தார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போது உதவி மருத்துவர் வெளியே வந்து, காத்திருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கினார். உள்ளே கருப்பையும் சினைப்பைகளும் எடுக்கப்பட்டன. வயது வந்த, தெளிவான மனமுள்ள ஒருவர் தற்காலிக மயக்கத்தில் இருக்கிறார். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. அவர் கண் விழிக்கும்வரை காத்திருக்கலாம். அப்படியிருக்க அம்மாவின் சம்மதம் சம்மதமே ஆகாது என்றது நீதிமன்றம். விதித்த நஷ்ட ஈடு 25,000 ரூபாய். தொகை சிறியது. சொன்ன விஷயம் பெரியது.

அந்த மருத்துவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்று நீதிமன்றமே கருதியது. அந்த அம்மாவும் மகளின் நன்மைக்குத்தான் சரி என்றிருப்பார். இரண்டு நல்லெண்ணங்கள் சேர்ந்து ஒரு பெண்ணின் உடம்பில், அவளைக் கேட்காமலே, திரும்பப் பெற முடியாத ஒன்றைச் செய்தன.

*

"பெரியவர்கிட்ட எதுவும் சொல்லிக்க வேண்டாம் டாக்டர், தாங்க மாட்டாரு." புற்றுநோய் வார்டுகளில் தினமும் ஒலிக்கும் வாக்கியம். பெரியவருக்கு எண்பது வயது. பஞ்சம் பார்த்தவர். இரண்டு பிள்ளைகளைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்தவர். அவரால் எதைத் தாங்க முடியாது?

*

காது கேட்கும் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியையும் எடுத்துவிட்டு, இரவு இரண்டு மணிக்கு ஊசியின் மயக்கத்தில் இருக்கும் ஒரு பாட்டியிடம், அவருக்குப் பழக்கமில்லாத ஆஸ்பத்திரித் தமிழில் கேள்வி கேட்டு, பதில் வரவில்லை என்றதும் "பேஷண்ட் ஓரியன்டட் இல்லை" என்று எழுதுகிறார்கள். ஐசியூவில் வரும் குழப்ப நிலை ஏறி இறங்கும். சாயங்காலம் மகனையே அடையாளம் தெரியாதவர், காலை பத்து மணிக்குப் பேத்தியின் பரீட்சையைப் பற்றி விசாரிப்பார். முடிவெடுக்கும் திறன் ஒரு நேரத்தில், ஒரு விஷயத்துக்கு உரியது. வங்கிக் கணக்கைப் பார்க்க முடியாதவருக்கு, கால் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லத் தெரியலாம்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. மனநோய் இருப்பதாலேயே திறன் இல்லை என்றாகாது. பேச்சால்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. முகபாவம், சைகை எதுவும் போதும். ஒருவர் எடுத்த முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றுவதாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. இந்தக் கடைசி வரியை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். டாக்டரோடு ஒத்துப்போகும்வரை பாட்டிக்குப் புத்தி தெளிவு. மாட்டேன் என்ற நிமிடமே மறதி நோய் என்பதுதான் நடைமுறை.

*

இங்கிலாந்தில் இரண்டு கால்கள் பற்றிய இரண்டு வழக்குகள். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதலாவது 1993. பிராட்மூர் மனநலப் பாதுகாப்பு மருத்துவமனையில் இருந்த 68 வயதுக்காரர். நீண்டகால ஸ்கிட்சோஃப்ரீனியா. தான் உலகப் புகழ் பெற்ற மருத்துவர் என்று நம்பியவர். காலில் கேங்க்ரீன். முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் பிழைக்க நூற்றில் பதினைந்து வாய்ப்புதான் என்றார் அறுவை மருத்துவர். அவர் மறுத்தார். நீதிபதி பார்த்தது ஒன்றைத்தான்: இந்த மனிதருக்குத் தன் காலைப் பற்றிச் சொல்லப்பட்டது புரிகிறதா, அதை நம்புகிறாரா, எடைபோட்டுப் பார்க்க முடிகிறதா? முடிகிறது. அப்படியானால், உலகப் புகழ் பெற்ற மருத்துவர் என்ற அவரது நம்பிக்கை கால் விஷயத்தில் குறுக்கே வரவில்லை. எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் இப்போதோ பின்னாலோ காலை எடுக்கக் கூடாது என்று உத்தரவு. அவர் காலோடு பிழைத்துக்கொண்டார். பிழைக்காமல் போயிருந்தாலும் அந்தத் தீர்ப்பு சரிதான் என்பது என் எண்ணம்.

இரண்டாவது 2015. 73 வயதுக்காரர். அவருக்கும் நெடுங்கால மனநோய். அவருக்கும் அழுகும் கால். தேவதைகளின் குரலும் கன்னி மரியாளின் குரலும் அவருக்குக் கேட்கும். இந்த முறை மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், நீதிபதி எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்: இவருக்கு இந்த முடிவை எடுக்கும் திறன் இல்லை. நம் ஊரில் கதை அங்கேயே முடிந்திருக்கும். காலை எடுத்திருப்பார்கள்.

நீதிபதி பீட்டர் ஜாக்சன் மருத்துவமனைக்கே போய், அவர் கட்டிலருகே உட்கார்ந்து பேசினார். தனக்குச் சாவு பயம் இல்லை, போகுமிடம் தெரியும், அறுவை வேண்டாம், முதியோர் இல்லத்துக்கும் அனுப்ப வேண்டாம் என்பதை அந்த மனிதர் தம் பாஷையில் சொன்னார். அவருடைய மத நம்பிக்கை நோயிலிருந்து வந்ததா, நோய்க்கு முன்பே இருந்ததா என்று பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை, பல பத்தாண்டுகளாக அவர் வாழ்க்கையே அதுதான் என்று நீதிபதி கண்டார். திறன் இல்லாதவரின் விருப்பத்துக்கு எடை குறைவு என்று எந்த விதியும் இல்லை. மனநோயோடு வாழ்பவருக்கு மற்ற பிடிகள் எல்லாம் நழுவிப் போயிருக்கும் நிலையில் தன் விருப்பமே அவருக்கு மிஞ்சியிருக்கும் பெரிய சொத்தாக இருக்கலாம். வலுக்கட்டாயமாக மயக்கி அறுப்பது அவருடைய நன்மைக்கு ஆகாது என்று தீர்ப்பு.

நான் இந்தக் குறிப்புகளில் சொல்ல வந்ததெல்லாம் இந்த இரண்டாவது மனிதரிடம் இருக்கிறது. முடிவெடுக்கும் திறன் போனால் குரலும் போய்விட்டது என்று நினைக்கிறோம். இரண்டும் வேறு. திறன் போன பிறகும் அந்த மனிதர் வேண்டுவார், வெறுப்பார், பயப்படுவார், ஒரு கையைத் தட்டிவிட்டு இன்னொரு கையைப் பற்றிக்கொள்வார். அவற்றுக்கு வாக்குச் சீட்டு இல்லாமல் இருக்கலாம். சாட்சியம் என்ற இடமாவது கொடுக்க வேண்டும்.

*

சண்டிகர், 2009. அரசுக் காப்பகத்தில் இருந்த, மன வளர்ச்சிக் குறைபாடுள்ள இளம்பெண். பாலியல் வன்முறை. கர்ப்பம். கருவைக் கலைக்க உத்தரவிட்டது உயர் நீதிமன்றம். நிபுணர் குழு அவளிடம் பேசியிருந்தது. குழந்தை வேண்டும் என்பதை அவள் தெரிவித்திருந்தாள். உச்ச நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், பி. சதாசிவம், பி.எஸ். சௌகான் அமர்வு. கருக்கலைப்புச் சட்டம் மனநோயாளிக்கும் மன வளர்ச்சிக் குறைபாடுள்ளவருக்கும் வேறுபாடு காட்டுகிறது, லேசான, மிதமான குறைபாடுள்ளவர்கள் நல்ல பெற்றோராக இருக்க முடியும், அவள் சம்மதம் இல்லாமல் செய்ய முடியாது என்றது.

இந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசினால் நண்பர்கள் கோபப்படுகிறார்கள். "அவளால் எப்படி வளர்க்க முடியும்?" நியாயமான கவலை. ஆனால் அவளுக்கு நேர்ந்த கொடுமையே, அவள் உடம்பைப் பற்றி அவளைக் கேட்க வேண்டியதில்லை என்று ஒருவன் நினைத்ததால் வந்தது. அதே நினைப்போடு அரசும் வந்து கட்டிலருகே நிற்கக் கூடாது.

*

ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. கொட்டகையில் தீ. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் எதிரிகள் அல்ல, குடும்பத்தார். 'அவங்க நல்லதுக்குத்தான்.' 2017 சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்துவிட்டது.

*

அருணா ஷான்பாக்.

கர்நாடகத்தின் ஹல்திபூரிலிருந்து மும்பைக்குப் போய் கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியரானவர். 1973 நவம்பர் 27, அங்கே வேலை பார்த்த துப்புரவுத் தொழிலாளி நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்துத் தாக்கினான். மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை. 25 வயது. திருமணம் நிச்சயமாகியிருந்தது. அதன் பிறகு 42 ஆண்டுகள், 2015 மே 18-இல் நிமோனியாவில் இறக்கும்வரை, அதே மருத்துவமனையின் நான்காம் வார்டு.

எழுத்தாளர் பிங்கி விரானி அருணாவின் சார்பில் உச்ச நீதிமன்றம் போனார். உணவு செலுத்துவதை நிறுத்தி அவரை நிம்மதியாகச் சாக விடுங்கள் என்று கேட்டார். கே.இ.எம். செவிலியர்கள் எதிர்த்தார்கள். 2011 மார்ச் 7 தீர்ப்பில் மனு தள்ளுபடி. அருணாவின் சார்பில் பேசும் உரிமையுள்ள உற்ற துணை யார் என்ற கேள்விக்கு, அவ்வப்போது வந்து பார்த்த எழுத்தாளர் அல்ல, இத்தனை ஆண்டு இரவும் பகலும் பார்த்துக்கொண்ட மருத்துவமனைப் பணியாளர்களே என்று பதில் சொன்னது நீதிமன்றம். கூடவே, கடும் பாதுகாப்புகளோடு உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கிக்கொள்ளும் வழியை இந்தியாவில் முதல்முறையாகத் திறந்தது. ஒவ்வொரு முறையும் உயர் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்றது.

செவிலியர்களைப் பற்றி முதலில். தீர்ப்பு வரும்வரை 37 ஆண்டுகள் படுக்கையில் இருந்தவருக்கு ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை. வீட்டில் ஒரு பக்கவாத நோயாளியை ஆறு மாதம் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும் அது எப்பேர்ப்பட்ட உழைப்பு என்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்ட வேண்டும். ஈரம் தங்கக் கூடாது. பணியில் சேர்ந்தபோது அருணாவைப் பார்த்தேயிராத இளம் பெண்களும் அதைச் செய்தார்கள். மாநகராட்சி அவரை வேறிடத்துக்கு மாற்றப் பார்த்தபோது போராடித் தடுத்தார்கள். இந்த நாட்டு மருத்துவ வரலாற்றில் இதைவிடப் பெரிய பராமரிப்பு ஒன்றை நான் அறியேன்.

ஆனாலும் அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் ஒன்று உறுத்துகிறது. யாருக்கு அருணாவின் மேல் அன்பு அதிகம், யாருக்குப் பேசும் தகுதி அதிகம் என்பதில்தான் வாதம் சுழல்கிறது. இரண்டு தரப்பும் அருணாவை நேசித்தவை. அருணா என்ன சொல்லியிருப்பார் என்பது எங்கோ அமிழ்ந்துவிடுகிறது. அவர் செவிலியர். நினைவில்லாத நோயாளிகளைத் தன் கையால் துடைத்தவர். அப்படிக் கிடப்பது என்றால் என்ன என்று மற்ற 25 வயதுக்காரர்களைவிட நன்றாகத் தெரிந்தவர். இரவுப் பணியில் தோழிகளிடம் அதைப் பற்றி ஏதாவது பேசியிருக்க மாட்டாரா? 1974-இலேயே யாராவது உட்கார்ந்து அந்தத் தோழிகளிடம் விசாரித்து எழுதி வைத்திருந்தால்! யாருக்கும் தோன்றவில்லை. 2011-க்குள் அந்தத் தோழிகள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை மறைத்தால் நான் நேர்மையாக எழுதியவனாக மாட்டேன். மீனும் கோழி சூப்பும் கொடுத்தால் அருணா முகம் மலரும் என்று செவிலியர்கள் சொன்னார்கள். அது அனிச்சையா, சந்தோஷமா? மருத்துவர்கள் பரிசோதித்துத் தங்கள் கருத்தைச் சொன்னார்கள். அந்த முகத்தைத் தினமும் பார்த்தவர்களின் சாட்சியத்தைத் தூக்கிப் போட எனக்கு மனமில்லை.

*

இதையொட்டி மார்கோ. 1991-இல் ஓர் அமெரிக்க மருத்துவ மாணவர், அல்சைமர் நோயுள்ள ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். மார்கோ என்று பெயரிட்டிருந்தார். அந்தப் பெண் மர்ம நாவலின் பக்கங்களைத் தாவித் தாவிப் படிப்பார். ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைவார். தான் பார்த்ததிலேயே மிகவும் சந்தோஷமான மனிதர்களில் ஒருவர் என்று எழுதினார் மாணவர். சட்ட அறிஞர் ரொனால்ட் ட்வொர்க்கின் 1993-இல் வந்த தம் நூலில் இவரை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். தெளிவாக இருந்த காலத்தில் மார்கோ, "எனக்கு மறதி நோய் வந்தால் எந்த உயிர்காப்புச் சிகிச்சையும் வேண்டாம்" என்று எழுதி வைத்திருந்தால்? இன்று நிமோனியா வந்தால் ஆன்டிபயாட்டிக் கொடுக்கலாமா? கூடாது, முழு வாழ்க்கையையும் வடிவமைத்த அந்தப் பழைய மார்கோவின் சொல்லே அதிகாரமுள்ளது என்பது ட்வொர்க்கின் கட்சி. ரெபெக்கா டிரெஸர் மறுத்தார்: எதிரே சிரித்துக்கொண்டிருப்பவரை, அவர் மறந்தே போன ஒரு காகிதத்துக்காகக் கைவிடலாமா?

நான் டிரெஸர் பக்கம். இயந்திரத்தின் பிடியில், எதையும் உணராமல், மீளும் வழியில்லாமல் கிடக்கும்போது காகிதம் பேசட்டும். அப்போது அதுதான் ஒரே குரல். ஆனால் நிலாவைப் பார்த்துக் கைதட்டும் ஒரு தாத்தாவுக்கு நிமோனியா வந்தால் ஊசி போடுவேன். பத்து வருஷத்துக்கு முந்தைய தாத்தா என்னைக் கோபித்துக்கொள்வார் என்று தெரிந்தே போடுவேன். இப்படியொரு காகிதத்தை எழுதும்போதே இந்த இரண்டு நிலைமைகளையும் தனித்தனியாக எழுதி வைப்பது உத்தமம்.

*

சாப்பாடு. முற்றிய மறதி நோயில் சாப்பாடு இறங்காது. "பட்டினி போட்டுக் கொன்னுட்டோம்னு ஊரே பேசும்" என்று பயந்து மூக்கில் குழாய் போடுகிறோம். அவர் அதைப் பிடுங்குகிறார். கையைக் கட்டிலோடு கட்டுகிறோம். முற்றிய மறதி நோயில் குழாய்வழி உணவு வேண்டாம், பொறுமையாகக் கையால் ஊட்டுவதே மேல் என்பது அமெரிக்க முதியோர் மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. குழாய் ஆயுளைக் கூட்டுவதாகச் சான்று இல்லை. குழாயைப் பிடுங்கும் கையும் ஒரு பேச்சுதான். கட்டுவதற்கு முன் அதைக் கேட்கலாம். கடைசியில் வாயில் பால் ஊற்றி வழியனுப்பும் வழக்கமுள்ள நமக்கு, இரண்டு கரண்டி கஞ்சியும் ஈரத்துணியில் நனைத்த உதடும் போதும் என்பது விளங்காத விஷயமல்ல.

*

நெருங்கியவருக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கைக்கு ஓர் எச்சரிக்கை. நோயாளி இன்ன நிலையில் எந்தச் சிகிச்சையை விரும்புவார் என்று உறவினர்கள் எவ்வளவு சரியாகச் சொல்கிறார்கள் என்பதை ஆராய்ந்த 16 ஆய்வுகளை 2006-இல் தொகுத்துப் பார்த்தார்கள். 68 சதவீதம் சரி. மூன்றில் ஒரு தடவை தவறு. நோயாளியே தேர்ந்தெடுத்த பிரதிநிதி என்றாலும் இதில் முன்னேற்றம் இல்லை.

இதை வைத்து உறவினரைத் தள்ளிவிட்டு டாக்டரே முடிவு செய்யலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். நான் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறேன். ஒருவரை மட்டும் கேட்காதீர்கள். டீக்கடை நண்பரைக் கேளுங்கள், கூட வேலை பார்த்தவரைக் கேளுங்கள், சமையல் செய்யும் அம்மாவைக் கேளுங்கள். பிள்ளைகளிடம் சொல்லாததை நண்பனிடம் சொல்லும் அப்பாக்கள் நிறைந்த ஊர் இது.

*

பணம். இதைப் பற்றி எழுதாமல் இந்தியாவில் மருத்துவ அறம் எழுத முடியாது. தனியார் ஐசியூவில் பல முடிவுகளை எடுப்பது மருத்துவரும் இல்லை, குடும்பமும் இல்லை, பில். பணம் தீர்ந்த அன்று "எங்க சொந்தப் பொறுப்புல கூட்டிட்டுப் போறோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஆம்புலன்ஸில் ஒருவர் ஆக்சிஜன் பையை அமுக்கிக்கொண்டே வர, வீட்டுத் திண்ணையில் இறக்கி வைக்கிறார்கள். வலிக்கு மருந்து இல்லை. மூச்சுத் திணறலுக்கு ஒன்றும் இல்லை. கைவிடுவது ஒன்று, சிகிச்சையை விலக்கிக்கொண்டு வலியில்லாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. வலிதணிப்புச் சிகிச்சை ஊர் தோறும் இல்லாத நாட்டில் ஏழைக்கு முதலாவது மட்டுமே கிடைக்கிறது.

எதிர்ப்பக்கத்து அச்சமும் உண்மையானது. விருதுநகர் பக்கம் தலைக்கூத்தல் என்ற பெயரில், படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய் தேய்த்துத் தலை முழுக வைத்து, இளநீர் புகட்டி அனுப்பிவைத்த செய்திகளை நாம் அறிவோம். முதியவரைக் கேட்டதில்லை. சிகிச்சையை விலக்கிக்கொள்ளச் சட்டம் ஏன் இத்தனை படிகள் வைக்கிறது என்று சலித்துக்கொள்ளும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன்.

*

அந்தப் படிகள். 2018 மார்ச் 9, உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு: கண்ணியமாக இறப்பது வாழும் உரிமையின் பகுதி, எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் லிவிங் வில் என்ற உயில் செல்லும். ஆனால் அதில் முதல் வகுப்பு ஜுடீஷியல் மாஜிஸ்திரேட் மேலொப்பம் வேண்டும், கலெக்டர் அமைக்கும் மருத்துவக் குழு வேண்டும் என்றதால் கிட்டத்தட்ட யாராலும் அதைப் பயன்படுத்த முடியவில்லை. 2023 ஜனவரி 24-இல் எளிதாக்கினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள். நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்து. நாம் பேச முடியாதபோது பேச வேண்டியவர்களின் பெயரைக் குறிப்பிடலாம், ஒன்றுக்கு மேலும். நேரம் வரும்போது, சிகிச்சை தரும் மருத்துவரும் ஐந்தாண்டு அனுபவமுள்ள இரு நிபுணர்களும் கொண்ட முதல் குழு, பிறகு மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரியின் பிரதிநிதி உள்ள இரண்டாம் குழு. ஒவ்வொன்றும் முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். உயில் எழுதாதவருக்கும் இதே வழி. அப்போது நெருங்கிய உறவினர்கள் பேசுவார்கள். கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இதை நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை விட்டது.

இரண்டு குழுவிலும் செவிலியருக்கு இடம் இல்லை. நோயாளி எந்தக் குரலுக்குக் கண்ணைத் திறக்கிறார், எந்தத் தொடுகைக்கு முகம் சுளிக்கிறார் என்று ராத்திரி முழுக்கப் பார்த்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்தாகும் குழு அறிக்கையில் குறை இருக்கிறது. இதைச் சேர்க்க நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. அந்தந்த மருத்துவமனை நினைத்தால் நாளைக்கே செய்யலாம்.

உயிலின் ஒரு பிரதியை உள்ளாட்சி அமைப்பில் ஒரு பொறுப்பாளர் வாங்கி வைக்க வேண்டும் என்பதும் உத்தரவில் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் ஒரு மருத்துவர் பொதுநல வழக்குப் போட்ட பிறகுதான் அந்தப் பொறுப்பாளர்களை நியமித்தார்கள். பிறப்புச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் கொடுக்கும் அதே நகராட்சி அலுவலகத்தில், இரண்டுக்கும் நடுவே உள்ள இந்தக் காகிதத்தை வாங்கி, முத்திரை குத்தி, நம்பர் போட்டுக் கொடுக்க ஒரு ஜன்னல் வேண்டும். அந்த ஜன்னலில் இருப்பவர், "என்னங்க இது, நல்ல நாளும் அதுவுமா" என்று முகம் சுளிக்காதவராக இருக்க வேண்டும். வார்டு கவுன்சிலரிடம் கேட்கலாம் என்றிருக்கிறேன்.